கோபம் செல்லாத மாலை

பால் வண்டி ஓட்டுகிறவளுக்குத் தெரியாத சங்கதி அந்த வட்டாரத்தில் ஒன்றும் கிடையாது. யார் வீட்டு வேலி சாய்ந்து கிடக்கிறது, யார் வீட்டுக் கொடியில் மூன்று நாளாய்த் துணி மழையில் நனைகிறது, எந்தத் தோட்டத்தில் பீட்ரூட்டைவிடக் களை உயரமாக நிற்கிறது என்பதெல்லாம் பிருதாவுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே தெரிந்துவிடும். பதினேழு வருஷமாகப் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கிறாள். நடுவில் ஒரு வருஷம் ஐஸ்லாந்தில் மீன் ஆலை வேலைக்குப் போயிருந்தாள், அவ்வளவுதான். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய பால் பண்ணைக்கு எதிரே அடுக்குமாடியில் ஓர் அறையும் சமையலறையும்.

கண்ணில் பட்டதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. சேர்த்து வைப்பாள், கோடை நடுவில் வரும் லீகோ திருநாள் மாலை வரும்வரை.

ஜூன் இருபத்துமூன்றாம் தேதிக்குள் எல்லா வீட்டிலும் களையெடுப்பு முடிந்திருக்க வேண்டும். வாசலில் பிர்ச் கிளை கட்டியிருக்க வேண்டும். பெண்கள் பூமுடியும் ஆண்கள் ஓக் இலை முடியும் சூடிக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போய், கடைசியில் குன்றின் மேல் நெருப்பு மூட்டி விடியும்வரை விழித்திருப்பார்கள். சீரகம் போட்ட பாலாடைக்கட்டியும் பியரும் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. வீட்டுக்காரரைக் கேலி செய்து பாடுவது வந்தவர்கள் கடமை. எவ்வளவு குத்தலாகப் பாடினாலும் மறுபடி சூரியன் உதிக்கும்வரை யாருக்கும் கோபம் வரக் கூடாது. பதிலுக்குப் பாடலாம். பாட்டு வராவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு 'லீகோ, லீகோ' என்று பின்பாட்டாவது பாட வேண்டும்.

அந்தக் கேலிப் பாட்டில் பிருதாவை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஆறு வருஷமாக ஒரே ஒரு வீட்டு வாசலை மட்டும் அவள் மிதிக்கவில்லை. அது அவள் பிறந்த வீடு. அவோட்டி என்று அதற்குப் பெயர். தம்பி மோட்ரிஸ் அங்கே குடியிருந்தான்.

அந்த வருஷம் லீகோவுக்கு நான்கு நாள் முன்னால், பாட்டுக் கூட்டத்தை ஏற்பாடு செய்கிற ஸிக்ரீடா அடுக்குமாடிப் படியேறி மூச்சிரைக்க வந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

"ஏண்டி பிருதா, மொதல்ல உட்காரு. உட்கார்ந்துட்டுக் கேளு."

"நீதான் உட்காரணும். மூஞ்சி பீட்ரூட் மாதிரி இருக்கு."

"குன்று மேல இந்த வருஷம் நெருப்பு வைக்க முடியாது. புதுசா வாங்கினவரு முள்கம்பி போட்டுட்டாரு. கடைசி நெருப்பு அவோட்டியில. இனாராவே வந்து கூப்பிட்டா."

இனாரா மோட்ரிஸின் மனைவி. பிருதா தண்ணீர் சுட வைக்க எழுந்துபோனாள். கெட்டிலை நிரப்பியவள் திரும்பாமலே சொன்னாள்: "அப்போ நான் கடைசிக்கு முந்தின வீட்டோட நின்னுக்கறேன்."

"நீ இல்லாம அங்க போய் நாங்க என்ன பாடறது? பொறந்தநாள் பாட்டா?" ஸிக்ரீடா குரலைத் தணித்தாள். "ஆறு வருஷமா நெஞ்சுக்குள்ள வச்சிருக்கியேடி. மத்த நாள்ல சொன்னா சண்டை. அன்னிக்குப் பாட்டா சொல்லிடு. அவன் கேட்டுத்தான் ஆகணும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அது பிருதாவின் மனசில் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். பிருதா அப்போது ஐஸ்லாந்தில். 'லீகோ அன்னிக்காவது அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுடா' என்று தம்பியிடம் தொலைபேசியில் சொன்னாள். சரி என்றான். கூட்டிவரவில்லை. கேட்டதற்குக் கார் கிளம்பவில்லை என்றான். மூன்றாம் வாரம் அப்பா போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தபோது இல்லத்துத் தாதி ஒருத்தி, நல்ல மனசோடுதான், பிருதாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பாவம், அன்னிக்கு விடிஞ்சதுலேர்ந்து தொப்பியைப் போட்டுக்கிட்டு ஜன்னல் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரு. ராத்திரி படுக்க வைக்கும்போதுகூடத் தொப்பியைக் கழட்ட விடல."

பிருதா தம்பியோடு பேசிய கடைசி வார்த்தை கல்லறை வாசலில் பேசியதுதான். அதை அவள் இப்போது திருப்பிச் சொல்ல மாட்டாள்.

இருபத்துமூன்றாம் தேதி பால் சுற்று முடிந்து வண்டியைக் கழுவி நிறுத்தியபோது பத்து மணி. சாக்குப் பையும் கத்தியும் எடுத்துக்கொண்டு அவள் பூப்பறிக்கக் கிளம்பினாள். ஸிக்ரீடா கூட்டம் சேர்த்துக்கொண்டு பறிப்பாள், சிரிப்பும் கூச்சலுமாக. பிருதா தனியாகத்தான் போவாள். வருஷத்தில் அந்த ஒரு முற்பகலைத் தனக்கென்று வைத்திருந்தாள். வருஷம் அங்கேதான் இரண்டாக மடிகிறது. நாளையிலிருந்து பகல் கோழிக்கால் அளவு கோழிக்கால் அளவாகக் குறையும். போன பாதியில் என்ன செய்தோம், வரும் பாதியில் என்ன மிச்சம் என்று புல்லில் உட்கார்ந்து யோசிப்பாள். பெரிதாக ஒன்றும் தோன்றாது. கூரையில் ஒழுகும் இடம், பல் வைத்தியர், இறந்துபோன ஓர் ஆள், அவ்வளவுதான். ஆனாலும் எழுந்து வரும்போது உடம்பு லேசாக இருக்கும்.

அந்த வருஷம் எங்கேயும் பூ கிடைக்கவில்லை. மே மாதம் வெயில் காய்ந்ததில் எல்லோரும் முதல் புல்லை முன்கூட்டியே அறுத்து உருட்டிக் கட்டிவிட்டார்கள். வெள்ளைச் சாமந்தியும் மஞ்சள் பொடிப்பூவும் ஓர் இடத்தில்தான் இடுப்பளவுக்கு நின்றன: அவோட்டியின் பின்புறம், ஓடைக்குச் சரிகிற மேய்ச்சல் வெளியில்.

தூரத்திலிருந்து அதைப் பார்த்ததும் பிருதாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பூவுக்காக மட்டுமல்ல. 'லீகோ வந்தாச்சு, புல்லு வெட்டல! ஊரே அறுத்து முடிச்சாச்சு, இவன் படுக்கைய விட்டு எழுந்திருக்கல!' பாட்டு தானாகவே வாயில் வந்து உட்கார்ந்தது. முதலில் சோம்பேறிப் பாட்டு, கூட்டத்தைச் சிரிக்க வைக்க. அப்புறம் மற்றது. நான்கு நாளாக அந்த மற்றப் பாட்டைத்தான் அவள் வண்டியோட்டும்போதெல்லாம் செதுக்கிக்கொண்டிருந்தாள்.

ஓடைப் பக்கமாகச் சுற்றி, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி புல்லுக்குள் இறங்கினாள். பனி இன்னும் காயவில்லை. பாவாடை முழங்கால்வரை நனைந்தது. சாமந்தி ஒரு பிடி, பொடிப்பூ ஒரு பிடி, நீலமும் மஞ்சளுமாக நிற்கிற காட்டுப்பூ ஒரு பிடி. சாக்கு பாதி நிறைந்தது. இன்னும் நாலடி உள்ளே போயிருப்பாள்.

"அக்கா, அங்கேயே நில்லு. கால கீழ வைக்காத."

ஆறு வருஷத்தில் தம்பி அவளிடம் பேசிய முதல் வார்த்தை. அவள் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றாள். மோட்ரிஸ் மேட்டில், வேலிக் கட்டையருகே நின்றுகொண்டிருந்தான். தலை நன்றாக நரைத்திருந்தது.

"என்னடா? பாம்பா?"

"இல்ல. உன் எடது கால் பக்கம். கீழ பாரு. மெதுவா."

பார்த்தாள். புல்லின் அடியில் கரித்துண்டு மாதிரி ஏதோ அசைந்தது. அப்புறம் இன்னொன்று. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத கறுப்புக் குஞ்சுகள், ஏழோ எட்டோ, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அவளுடைய செருப்பைச் சுற்றி ஓடின. இரண்டடி தள்ளித் தாய்ப்பறவை கழுத்தை நீட்டி நின்றது. பழுப்பு உடம்பு, புல்லோடு புல்லாக. ராத்திரியெல்லாம் சீப்பின் பல்லை நகத்தால் உரசுவதுபோலக் கத்துமே, அந்தக் காணாங்கோழி. ஐம்பத்தாறு வயதில் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாளே தவிர, ஆளைப் பார்த்தது அன்றுதான்.

குஞ்சுகள் போய் மறைந்தன. அதன் பிறகுதான் அவள் தூக்கிய காலை இறக்கி வைத்தாள்.

"இதுக்குத்தான் வெட்டலயா?"

"ஆமா. மூணு வருஷம் முன்னாடி ஜூன்லயே வெட்டினேன். அப்புறம் டிராக்டர விட்டு எறங்கிப் பார்த்தேன்." அவன் குஞ்சுகள் மறைந்த திசையைப் பார்த்தான். "இப்போல்லாம் ஆகஸ்ட்லதான். நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா வெட்டினா ஓரமா ஓடித் தப்பிச்சுக்கும்."

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். சாயங்காலம் நீயும் வந்து சிரிப்பியோ?"

"பாட வருவேன்."

"பாடு," என்றான். "பூ வேணுங்கறத எடுத்துக்கோ. ஓடையோரமா எடு." திரும்பி நடந்தான்.

வீட்டுக்கு வந்து மேசையில் செய்தித்தாளை விரித்துப் பூமுடி கட்டினாள். சோம்பேறிப் பாட்டு செத்துப்போயிற்று. இனி அதைப் பாட அவளுக்கே வாய் வராது. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பறவைக்காகக் காத்திருக்கத் தெரிந்தவனுக்கு அப்பாவுக்காக ஒரு பகல் ஒதுக்கத் தெரியவில்லையா என்று நினைத்ததும், மற்றப் பாட்டு முன்னைவிடக் கூர்மையாக நின்றது.

ஏழு மணிக்குக் கூட்டம் கிளம்பியது. இருபது பேர் இருப்பார்கள், ஓர் அக்கார்டியன். மேட்டு வீட்டுக்காரர் வாசலில் பிருதா தொடங்கினாள்:

"மேட்டு வீட்டு வேலி ரெண்டு – லீகோ, லீகோ,
ஒண்ணையொண்ணு தாங்கி நிக்குது – லீகோ!
வீட்டுக்காரர் பாக்க வந்தார் – லீகோ, லீகோ,
அவரும் அதுல சாஞ்சுக்கிட்டார் – லீகோ!"

மேட்டு வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி, "பத்து வருஷமா நானும் இதத்தான் சொல்றேன், உரைநடையில!" என்றாள். அங்கே பியர், அடுத்த வீட்டில் பியர், அதற்கடுத்த வீட்டில் பன்றிக்கொழுப்பு வைத்த சூடான பன். ராத்திரி பத்து மணிக்கு, வருஷத்தின் மிக நீண்ட பகல் முடிந்து சூரியன் காட்டின் விளிம்பில் சிவந்து நிற்கும்போது அவோட்டிக்கு வந்து சேர்ந்தார்கள்.

முற்றத்தில் விறகு கூம்பாக அடுக்கியிருந்தது. வாசல் படியில் இனாரா பாலாடைக்கட்டித் தட்டோடு நின்றாள். பிருதாவைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு கணம் தடுமாறி, பிறகு நிமிர்ந்தது. வந்தவர்கள் தொடங்குமுன் அவளே பாடிவிட்டாள்:

"பால் வண்டி வருது, பால் வண்டி வருது – லீகோ, லீகோ,
பசுவெல்லாம் காதைப் பொத்துது – லீகோ!
அம்மா அடிக்கற ஹாரனுல – லீகோ, லீகோ,
மடியிலயே பாலு தயிராச்சு – லீகோ!"

கூட்டம் அதிர்ந்து சிரித்தது. பிருதாவும் சிரித்துவிட்டாள். "அண்ணி, இந்தாங்க, மொத துண்டு உங்களுக்கு," என்று இனாரா தட்டை நீட்டினாள். பிருதா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நெருப்பு பற்ற வைத்தார்கள். இப்போது அவள் முறை. ஸிக்ரீடா விலாவில் இடித்தாள்: "ம்ம், விடு."

வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் நான்கு நாள் வாய்க்குள் புரண்ட வார்த்தை பின்வாங்கவில்லை.

"விடிஞ்சதும் தொப்பி போட்டது யாரு – லீகோ, லீகோ,
ஜன்னலண்டை உட்கார்ந்தது யாரு – லீகோ!
வர்றேன்னு சொன்ன மகன்..."

பின்பாட்டு இந்த இடத்தில் இரண்டு மூன்று குரலாகச் சுருங்கிவிட்டது. விஷயம் ஊருக்குத் தெரியும்.

"...வந்தானான்னு கேட்டுச் சொல்லு."

லீகோ என்று யாரும் சொல்லவில்லை. அக்கார்டியன்காரர் விரலை எடுத்துவிட்டார். ஸிக்ரீடா, "ஐயோ, பாவி," என்று முணுமுணுத்தாள். யாரைச் சொன்னாளோ.

மோட்ரிஸுக்குப் பாட வராது. சின்ன வயதில் பள்ளிப் பாட்டுக் குழுவில் 'நீ வாயை மட்டும் அசை' என்று நிறுத்தி வைத்த ஆள். அவன் கையிலிருந்த பியர்க் குவளையைப் படியில் வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டான். ராகமும் இல்லாமல் தாளமும் இல்லாமல் பாடினான்:

"வந்தான் மகன், வந்தான் மகன்,
வாசல் வரைக்கும் வந்தான் மகன்.
கண்ணாடிக்குள்ள தொப்பியப் பார்த்தான்,
காரை விட்டு எறங்காமத் திரும்பிப் போனான்."

இனாரா தனிக்குரலில், "லீகோ, லீகோ," என்றாள். அவளுக்கும் அது தெரியாது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. மேட்டு வீட்டுக்காரர் சேர்ந்துகொண்டார். மெல்ல மெல்ல எல்லோரும் அந்த ஒரு சொல்லைப் பாடினார்கள், அக்கார்டியன் இல்லாமல். பிருதா மட்டும் பாடவில்லை.

அவள் குளியல் கொட்டகைக்குப் பின்னால் போய் அடுக்கிய விறகின் மேல் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் மோட்ரிஸ் வந்தான். பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே சுவரில் சாய்ந்துகொண்டான்.

"கார் கிளம்பலன்னு சொன்னே."

"பொய்."

"ஏண்டா?"

"அதுக்கு முந்தின வாரம் பாக்கப் போனேன். கெளம்பறப்ப சட்டைக் காலரைப் பிடிச்சுக்கிட்டாரு. விடல. பேச முடியாதே, கையிலதானே எல்லாம். ரெண்டு தாதி வந்து ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்க." அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். "வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா மறுபடி கொண்டுபோய் விடணும். அப்ப பிரிக்கறது யாரு? நான்தான். கார்லயே உட்கார்ந்திருந்தேன், ஒரு மணி நேரம். அப்புறம் வந்துட்டேன்."

முற்றத்தில் பாட்டு மறுபடி சூடு பிடித்தது. யாரோ நெருப்பைத் தாண்டினார்கள், கைதட்டல் கேட்டது.

"எனக்கும் லீவு கெடைச்சுது," என்றாள்.

"எப்போ?"

"அந்த லீகோவுக்கு. அஞ்சு நாள். வர்றதா இருந்தேன். அப்பா பேச்சில்லாம இருக்கறதப் பாக்கப் பயம். நீதான் இருக்கியேன்னு நெனச்சு... அந்த அஞ்சு நாளும் ரூம்ல போர்வையப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தேன்."

மோட்ரிஸ் சுவரிலிருந்து நிமிர்ந்தான். "ஆறு வருஷம், அக்கா. கல்லறையில வச்சு என்னை என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பவே இதைச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருக்கலாம்."

அவன் முகம் இறுகியது. கன்னத்துச் சதை துடித்தது. அப்பாவுக்குக் கோபம் வந்தாலும் அப்படித்தான் துடிக்கும். "இப்ப கோவிச்சுக்கக் கூடாது," என்றான். "சூரியன் உதிக்கட்டும், நல்லாக் கோவிச்சுக்கறேன்."

"கோவிச்சுக்கோ."

"கோவிச்சுக்கத்தான் போறேன்."

சொன்னபடியே செய்தான். அன்று விடியும்வரை இரண்டு பேரும் ஒரே நெருப்பைச் சுற்றித்தான் இருந்தார்கள். இனாரா கொடுத்த கம்பளிச் சால்வையைப் பிருதா போர்த்திக்கொண்டாள். மோட்ரிஸ் அவளுக்கு இரண்டு முறை பியர் ஊற்றினான். நாலரைக்குச் சூரியன் வந்தது. பசுக்களுக்குத் திருநாள் தெரியாது. பால் எடுக்க இன்னொரு ஓட்டுநர் வந்திருந்தார், குடித்த வாயோடு வண்டி ஓட்டக் கூடாதென்று அவள் முன்பே ஏற்பாடு செய்திருந்தாள். விடைபெறும்போது தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு சேதியும் இல்லை. பிருதா காத்திருந்தாள். அவனுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆறு வருஷம் அவள் சுமந்த மூட்டையில் பாதி தன்னுடையது என்று தெரிந்தே அவன் தலையில் முழுசாக ஏற்றியிருந்தாள். அந்த மூன்று வாரமும் அவள் நன்றாகத் தூங்கினாள், அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

ஜூலை கடைசியில் கல்லறை நாள் வரும். ஊரே தத்தம் குடும்பத்துக் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ நட்டு, பிரசங்கம் கேட்டு, கூடிச் சாப்பிடுகிற நாள். ஆறு வருஷமாக அவள் காலையிலும் அவன் மத்தியானத்திலும் வருவார்கள். அதற்கு முந்தின நாள் தொலைபேசி அடித்தது.

"நாளைக்கு எத்தன மணிக்கு வர்றே?"

"ஒம்பதுக்கு."

"சரி," என்று வைத்துவிட்டான்.

ஒன்பதுக்கு அவள் போனபோது அவன் வாளியில் தண்ணீர் சுமந்து கொண்டிருந்தான். பக்கத்தில் ஆறு தொட்டி சிவப்பு பெகோனியா.

"அப்பாவுக்கு பெகோனியா பிடிக்காதுடா. பிளாஸ்டிக் மாதிரி இருக்குன்னு சொல்வாரு."

"அம்மாவுக்குப் பிடிக்கும். அம்மாவும் இங்கதான் இருக்காங்க."

"அப்போ அம்மா பக்கம் நடு. அப்பா பக்கம் என் சாமந்தி."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் வேணாம்."

"வெறுமையா இருக்கும் அக்கா, பாக்க நல்லா இருக்காது."

"உனக்கு என்னடா தெரியும் நல்லா இருக்கறதப் பத்தி?"

இரண்டு வரிசை தள்ளித் தன் கணவரின் கல்லறையில் மணலைச் சமன் செய்துகொண்டிருந்த ஸிக்ரீடா தலையைத் தூக்கிப் பார்த்தாள். குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். பத்து மணிக்கு மணி அடித்தது. பாதிரியார் வந்து கொண்டிருந்தார். மோட்ரிஸ் மண்டியிட்டு அவசர அவசரமாகக் குழி தோண்டினான், பிருதா செடியின் வேரைப் பிரித்துப் பிரித்து அவன் கையில் கொடுத்தாள்.